13 வருஷம் கழித்துப் பென்ஷன் கேட்டால் உயர் நீதிமன்றம் கேட்குமா?

2024 மார்ச் 9, காலை. கேள்வி கேட்டவர், திருச்சி மாவட்டம்

அப்பா அரசுத் துறை ஒன்றில் 1986 மார்ச் முதல் என்.எம்.ஆர். (வருகைப் பட்டியலில் பெயர் ஏற்றிக் கூலி கொடுக்கும்) தினக்கூலி. 2001 மார்ச்சில் நிரந்தரம் ஆனார். 2010 ஜூனில் ஓய்வு. நிரந்தரப் பணி 9 வருஷம் 4 மாதம்தான், பத்து வருஷம் நிறையவில்லை என்று சொல்லிப் பென்ஷன் தரவில்லை. ஒரு சின்னத் தொகையைப் பணிக்கொடை என்று கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தினக்கூலிக் காலத்தில் பாதியைச் சேர்க்கலாம் என்பது எங்களுக்குப் போன வருஷம்தான் தெரிந்தது. மனு கொடுத்தோம். "ஓய்வு பெற்று 13 ஆண்டுகளுக்குப் பின் அளிக்கப்பட்ட காலம் கடந்த கோரிக்கை என்பதால் ஏற்க இயலாது" என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. ஊரில் ஒரு வக்கீல், மூணு வருஷம் தாண்டினால் கோர்ட்டுக்குப் போய்ப் பிரயோஜனமில்லை என்கிறார். உண்மையா?

மார்ச் 9, இரவு. பதில் எழுதுபவர்

உண்மையில்லை. ஆனால் அந்த மூணு வருஷக் கணக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது.

தர்சேம் சிங் வழக்கு. ராணுவத்திலிருந்து 1983 நவம்பரில் உடல்நலக் காரணத்தால் அனுப்பப்பட்டவர். ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டு 1999-இல்தான் உயர் நீதிமன்றம் போனார். தனி நீதிபதி உரிமை உண்டு என்றார், நிலுவையை மட்டும் 38 மாதத்தோடு நிறுத்தினார். மேல்முறையீட்டில் இரு நீதிபதி அமர்வு பதினாறு வருஷ நிலுவையையும் வட்டியோடு கொடுக்கச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2008-இல் தீர்ப்பு: பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுவதால் இது தொடர்ந்து நடக்கும் தவறு, தாமதத்தைக் காட்டி உரிமையை மறுக்க முடியாது. நிலுவை மட்டும் ரிட் மனு (அரசின் செயலை எதிர்த்து நேரடியாக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போட்ட நாளுக்கு முந்தைய மூணு வருஷத்துக்கு.

அதாவது மூணு வருஷம் என்பது உள்ளே போவதற்கான வாசல் இல்லை, நிலுவைக்கான எல்லை. உங்கள் வக்கீல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். அரசியல் சாசனத்தின் 226-ஆம் உறுப்பின் கீழ் ரிட் போட காலவரையறைச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. நியாயமில்லாத தாமதமா என்று நீதிமன்றம் தன் விருப்புரிமையில் பார்க்கும், அவ்வளவுதான்.

மார்ச் 10

விதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978. அதில் விதி 11. 1961 ஜனவரி 1-க்குப் பிறகு தினக்கூலியிலோ தொகுப்பூதியத்திலோ மதிப்பூதியத்திலோ பார்த்த வேலையில் பாதியை நிரந்தரப் பணியோடு சேர்க்கலாம். முழுநேர வேலையாக இருக்கவேண்டும். இடைவெளியில்லாமல் நிரந்தரப் பணிக்குள் வந்திருக்கவேண்டும். அப்படி வந்தது 2003 ஏப்ரல் 1-க்கு முன்பாக இருக்கவேண்டும். நிதித்துறை அரசாணை 408, நாள் 25.8.2009, இதே பாதிக் கணக்கைச் சொல்வதுதான்.

தேதியைக் கவனியுங்கள். உங்கள் அப்பா ஓய்வு பெற்றது 2010 ஜூன். ஆணை வந்து பத்து மாதம் ஆகியிருக்கிறது. ஓய்வூதியக் கருத்துருவைத் தயாரித்து மாநிலக் கணக்காயருக்கு அனுப்பவேண்டியது அலுவலகத் தலைவரின் வேலை. தகுதியான பணிக்காலம் எவ்வளவு என்று கணக்குப் போடவேண்டியதும் அவர்தான். ஓய்வு பெறுகிற தினக்கூலித் தொழிலாளி விதிப்புத்தகத்தைப் புரட்டி விதி 11-ஐக் கண்டுபிடித்து வரவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. தாமதம் யாருடையது என்ற கேள்வி இங்கேதான் திரும்புகிறது. மனுவில் இதை முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள்.

மார்ச் 10, மாலை

"இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்களே, நீங்கள் வக்கீலா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். நிராகரிப்புக் கடித வரைவு, ரிட் வந்தால் அரசு வழக்கறிஞருக்குப் பத்திவாரிக் குறிப்புரை, இரண்டும் என் பிரிவில்தான் தயாராகும்.

அந்த அனுபவத்தில் சொல்கிறேன். "காலம் கடந்த கோரிக்கை" என்ற வரி கோப்பைப் படித்து எழுதுவது இல்லை. பழைய பணிப்பதிவேடு பதிவறையில் எங்கே கிடக்கிறது என்று தெரியாது. தேட ஆள் கிடையாது. மேலதிகாரி ஒரு வாரத்தில் பதில் போகணும் என்பார். பதிவேட்டைத் திறக்காமலே எழுதக்கூடிய காரணம் அது ஒன்றுதான். ஆள் எப்போது ஓய்வு பெற்றார் என்பது அவர் மனுவிலேயே இருக்குமே.

ஆகவே அந்த ஒரு வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தினக்கூலிக் காலம் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. விதி 11 பொருந்தாது என்றும் சொல்லவில்லை. தாமதம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு அது நல்லது. ஏன் என்று அப்புறம் எழுதுகிறேன், இப்போது பேரன் போனைக் கேட்கிறான்.

மார்ச் 12

மேலே ஒரு நண்பர், "கோர்ட்டுக்குப் போகாதீர்கள், முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு ஒன்று, துறைச் செயலாளருக்கு ஒன்று என்று திரும்ப மனு கொடுங்கள், புதுப் பதில் வந்தால் அந்தத் தேதியிலிருந்து புதுக் கணக்கு" என்கிறார். இந்த யோசனையால் கெட்டவர்கள் எத்தனை பேர்.

1989-லேயே எஸ்.எஸ். ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: சட்டத்தில் இடமில்லாத மனுக்களைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் காலம் நீளாது. அதைவிட நம் ஊருக்கு நெருக்கமானது சி. ஜேக்கப் வழக்கு, 2008. தமிழ்நாடு புவியியல், சுரங்கத் துறை. 1982-இல் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர், ஏறக்குறைய 18 வருஷம் சும்மா இருந்துவிட்டு 2000-இல் ஒரு மனு கொடுக்கிறார். அப்புறம் நிர்வாகத் தீர்ப்பாயம் போகிறார். தீர்ப்பாயம், "மனுவைப் பரிசீலித்து முடிவெடுங்கள்" என்று ஒரு சாதாரண உத்தரவு போடுகிறது. துறை பரிசீலித்து 2002-இல் நிராகரிக்கிறது. அந்த நிராகரிப்பை எதிர்த்து வழக்கு. விவகாரம் பென்ஷனில் வந்து நின்றது. உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. செத்துப்போன கோரிக்கைக்கு ஒரு பதில் கடிதத்தால் உயிர் வராது, "பரிசீலிக்கவும்" என்ற உத்தரவாலும் வராது என்பது அதன் சாரம்.

பழைய உளுந்தைப் புது டப்பாவில் கொட்டினால் வண்டு போய்விடுமா?

மார்ச் 13

ஜேக்கப்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் எங்கள் அப்பா கோரிக்கையும் செத்ததுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை தம்பி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜேக்கப்புக்கு 1982-இல் வேலை போனது. அது ஒருநாள் நடந்து முடிந்த சம்பவம். அதை அப்போதே கேட்டிருக்கவேண்டும். பென்ஷன் கிடைக்கவேண்டுமானால் முதலில் அந்தப் பழைய முடிவைக் கிளறவேண்டும். உங்கள் அப்பா விஷயத்தில் கிளற ஒன்றுமில்லை. வேலையில் இருந்தார், நிரந்தரமானார், வயது முடிந்து முறையாக ஓய்வு பெற்றார். விதி சொல்கிறபடி கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவே. தப்பான கூட்டல் ஒவ்வொரு மாதமும் அவரைப் பாதிக்கிறது.

தர்சேம் சிங் தீர்ப்பைக்கூட எல்லாவற்றுக்கும் மருந்தாக நினைத்துவிடக் கூடாது. பதவி உயர்வு, பணிமூப்பு மாதிரி விஷயங்களில் தாமதமாக வந்தால் இடையில் வேறு பலருக்கு உரிமை உண்டாகியிருக்கும், அங்கே கதவு மூடிவிடும் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. பென்ஷனில் இன்னொருவர் இடத்தை யாரும் பிடுங்குவதில்லை. அதனால்தான் அங்கே இந்தத் தளர்வு.

மார்ச் 17

ரயில்வே மாமா பற்றிக் கேட்டவருக்கு. "1970-களில் பென்ஷனுக்குப் பதில் பி.எப். (சேமநிதி) பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார், இப்போது பென்ஷனுக்கு மாறலாமா? நகாரா தீர்ப்பு இருக்கிறதே" என்கிறீர்கள்.

நகாரா தீர்ப்பு பெரிய தீர்ப்புதான், சந்தேகமில்லை. 1982 டிசம்பர் 17. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் நாள் என்று இன்றைக்கும் கொண்டாடுகிறோம். ஆனால் அது ஏற்கெனவே பென்ஷன் வாங்குகிறவர்களை, 1979 மார்ச் 31-ஐக் கோடாகக் கிழித்து, முன்னே பின்னே என்று பிரித்ததைப் பற்றியது. பி.எப். வாங்கியவர்களுக்கு அது ஓடாது என்று 1990-இல் கிருஷ்ண குமார் வழக்கில் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது.

உங்கள் மாமா கதையை அச்சில் வார்த்தது மாதிரி எம்.கே. சர்க்கார் வழக்கு இருக்கிறது. ரயில்வே அதிகாரி. 1976-இல் விருப்ப ஓய்வு, பி.எப். பணம் வாங்கிக்கொண்டார். 22 வருஷம் கழித்து 1998-இல் பென்ஷனுக்கு மாற்றுங்கள் என்றார். உச்ச நீதிமன்றம் மறுத்தது. விருப்பம் தெரிவிக்க வாய்ப்பு வந்த காலத்தில் தெரிவிக்கவில்லை, கை நிறைய வாங்கியதை அனுபவித்துவிட்டு, விலைவாசி ஏறியபின் மாதாமாதம் கொடு என்றால் நியாயமில்லை என்ற போக்கில் போகிறது அந்தத் தீர்ப்பு.

எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. 1976-இல் அந்தத் தேர்வைச் செய்த யாருக்கு இவ்வளவு விலைவாசி தெரியும்? ஆனால் சட்டம் அங்கேதான் நிற்கிறது. விருப்பம் கொடுக்கத் தவறியது ஒரு வகை, விதியே கொடுக்கிறதை அலுவலகம் கொடுக்காமல் விட்டது இன்னொரு வகை. மாமாவுடையது முதல் வகை. வழக்குச் செலவை மிச்சம் பிடியுங்கள்.

மார்ச் 18

"பி.எப். நிறுவனத்தில் கூடுதல் பென்ஷனுக்குக் கூட்டு விருப்பம் கொடுக்கத் தவறினேன்" என்று கேட்டவருக்கும் அதே பதில். கூட்டு விருப்பம் என்பது தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து எழுதிக் கொடுப்பது. அதைக் கொடுக்க உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 4-இல் நாலு மாதம் கொடுத்தது. நிறுவனம் அதை நீட்டி நீட்டி 2023 ஜூலை 11 வரை கொண்டுபோனது. ஆன்லைனில் விண்ணப்பிக்கப் போய்ப் பக்கம் திறக்காமல் தவித்த ஆதாரம் கையில் இருந்தால் சொல்லுங்கள், அது வேறு பேச்சு.

மார்ச் 24

முந்தாநாள் வந்த கேள்வி கஷ்டமானது. இரண்டு நாள் பதில் எழுதாமல் தள்ளிப்போட்டேன். ஒரு அம்மா. 1994-லிருந்து தினக்கூலி. 2006 பிப்ரவரி 28 நாளிட்ட அரசாணை 22-இன்படி நிரந்தரம். பத்து வருஷம் முடித்த தினக்கூலிகளை நிரந்தரமாக்கிய ஆணை அது. தினக்கூலியாகச் சேர்ந்தது 1994 என்பதால் தனக்கும் பாதிக் கணக்கு உண்டா என்கிறார்.

அம்மா, நிரந்தரமானது 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு. அன்றிலிருந்து புதிய பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். இந்தக் கேள்வியில் உயர் நீதிமன்ற அமர்வுகள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தன. சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு இல்லை. 2019-இல் முழு அமர்வு காளியமூர்த்தி வழக்கில் முடிவு சொன்னது: 2003 ஏப்ரல் 1-க்கு முன் உள்வாங்கப்பட்டவர்களுக்குத்தான் பாதிக் கணக்கு. அதற்குப் பின் நிரந்தரமானவர்களுக்கு, தினக்கூலியாக எப்போது சேர்ந்திருந்தாலும், இல்லை.

உங்கள் பக்கத்து மேசைக்காரருக்கு முன்பே கிடைத்திருக்கலாம், அதே வேலை, அதே தினக்கூலி. அநியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இன்றைக்கு இதில் ரிட் போட்டால் முதல் விசாரணையிலேயே காளியமூர்த்தியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

ஏப்ரல் 2

திருச்சித் தம்பி நிராகரிப்பு ஆணையையும் 2001 நிரந்தர ஆணையையும் எழுத்தில் போட்டிருக்கிறார். நிரந்தர ஆணையின் முதல் பத்தியைப் படித்தேன். "1986 முதல் தொடர்ந்து தினக்கூலி அடிப்படையில் பணியாற்றி வரும்" என்று எழுதியிருக்கிறார்கள். தங்கமான வரி. மஸ்டர் ரோல் (தினக்கூலி வருகைப் பட்டியல்) கிடைக்கவில்லை, அழித்துவிட்டோம் என்று நாளைக்குச் சொன்னால் இதை நீட்டுங்கள். தொடர்ச்சியாக வேலை பார்த்ததால்தானே நிரந்தரம் செய்தார்கள். அவர்கள் கையெழுத்து, அவர்கள் சீல்.

பணிப்பதிவேட்டின் நகலும் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும்.

இனி அந்த ஒரு வரி நிராகரிப்பு ஏன் உங்களுக்கு நல்லது என்று சொன்னேன் இல்லையா? மொஹிந்தர் சிங் கில் வழக்கு, 1977. தேர்தல் வழக்குதான், ஆனால் எல்லா அலுவலக ஆணைக்கும் பொருந்துகிறது. ஒரு ஆணை எந்தக் காரணத்தைச் சொல்லிப் பிறந்ததோ அதை வைத்துத்தான் அதை எடைபோடவேண்டும், பின்னால் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் ஒட்டக்கூடாது. உங்கள் ஆணையில் இருக்கிற காரணம் தாமதம் ஒன்றே. எதிர்மனுவில் "முழுநேர வேலை இல்லை", "இடையில் விட்டுப்போயிருக்கிறது" என்று எழுதுவார்கள். நானே அப்படிக் குறிப்புரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கெட்டிக்கார வக்கீலாக இருந்தால் இந்தத் தீர்ப்பை வைத்தே மடக்கிவிடுவார்.

நீதிமன்றம் கணக்குப் போட்டுப் பென்ஷன் நிர்ணயிக்கும் இடம் இல்லை என்பதையும் அப்பாவிடம் சொல்லிவையுங்கள். முடிவெடுத்த விதம் சரியா, பொருத்தமான விதியைப் பார்த்தார்களா, சம்பந்தமில்லாததைப் பார்த்தார்களா என்று சோதிப்பதுதான் அதன் வேலை. அவருடைய 24 வருஷ உழைப்பை நீதிபதி முன் உருகிச் சொல்வதால் மட்டும் நடக்காது.

ஏப்ரல் 5

கணக்கு கேட்டீர்கள். தினக்கூலி 15 வருஷம், பாதி ஏழரை. நிரந்தரம் 9 வருஷம் 4 மாதம். மொத்தம் 16 வருஷம் 10 மாதம். அரையாண்டுகளாக்கினால், மிச்ச நாலு மாதத்தையும் ஒன்றாக எண்ணி, 34. முழுப் பென்ஷனுக்கு 30 வருஷம், அதாவது 60 அரையாண்டு. ஆக முழுப் பென்ஷனில் 60-இல் 34 பங்கு. அது சின்னத் தொகையாக வந்தாலும், குறைந்தபட்ச ஓய்வூதியம் 2024 கணக்கில் 7,850 ரூபாய். மேலே அகவிலைப்படி, 2024 ஜனவரிக் கணக்கில் 50 சதவீதம். அந்தக் கணக்கில் 11,775 ஆனது.

2010-இல் வாங்கிய பணிக்கொடையை நிலுவையில் கழிப்பார்கள், எதிர்பாருங்கள். பென்ஷனுக்குப் பதிலாகக் கொடுத்தது அது.

இன்னொன்று, யாரும் இங்கே சொல்லவில்லை. அப்பாவுக்கு 72 வயது. பென்ஷன் ஆணை இல்லாமல் அவர் காலமானால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் என்று கேட்க அடிப்படையே இருக்காது. இந்த வழக்கு அம்மாவுக்கும் சேர்த்துத்தான். வழக்கு நடக்கும்போது ஏதாவது ஆனாலும் வாரிசுகளைச் சேர்த்து நடத்தலாம், ஆனால் வழக்கு இருக்கவேண்டும். நீங்கள் மனு போடத் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும், நிலுவையின் பழைய முனையில் ஒரு மாதம் கழன்று விழுகிறது. ஜூனில் போட்டால் 2021 ஜூன் முதல். டிசம்பரில் போட்டால் 2021 டிசம்பர் முதல்.

ஏப்ரல் 20

தம்பி மதுரைக்குப் போய் வேறு வக்கீலைப் பார்த்திருக்கிறார். திருச்சி மாவட்டத்துக்கு மதுரைக் கிளைதான். சென்னைக்குப் போக வேண்டியதில்லை, 2004-லிருந்து. அந்த வக்கீல், "ஆணையை ரத்து செய்து மறுபரிசீலனைக்கு அனுப்பக் கேட்போம், முதல் நாளே கிடைத்துவிடும்" என்றாராம்.

படித்ததும் எரிச்சல் வந்தது. மறுபரிசீலனைக்கு வந்த கோப்புகள் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். அதே அலுவலகம், அதே எழுத்தர், இந்தத் தடவை ஒரு வரிக்குப் பதில் இரண்டு பக்கம். முன்னே விட்ட ஓட்டையெல்லாம் அடைத்து நிராகரிப்பார்கள்.

ராத்திரி யோசித்தேன். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. 15 வருஷமும் இடைவெளியில்லாமல் வேலை பார்த்தாரா என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்லவேண்டியது அலுவலகம்தான், நீதிபதி அதைத் தானே தீர்மானிக்கத் தயங்குவார். அதனால் மறுபரிசீலனையே கூடாது என்று நிற்க வேண்டாம். வெறும் "பரிசீலிக்கவும்" என்று மட்டும் வாங்கிவராதீர்கள். தாமதத்தைக் காரணம் காட்டக்கூடாது, விதி 11-இன் கீழ் பார்க்கவேண்டும், நிலுவை எந்தத் தேதியிலிருந்து, எத்தனை வாரத்துக்குள், இந்த நான்கும் உத்தரவில் ஏறவேண்டும். கோரிக்கையில் ஆணையை ரத்து செய்வதையும் பாதிக் காலத்தைச் சேர்த்துப் பென்ஷன் வழங்க ஆணையிடுவதையும் சேர்த்தே கேட்கவேண்டும். அப்போதுதான் குறைவாகக் கிடைத்தாலும் இவ்வளவாவது கிடைக்கும்.

செலவு பற்றி: அரசு சட்ட உதவி மையம் மதுரைக் கிளையிலேயே இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

மே 11

கோடை விடுமுறை, ஒன்றும் நகராது. ஒரு சமாச்சாரம் மட்டும். தொழிலாளியின் 13 வருஷத் தாமதத்தை மன்னிக்க முடியாது என்கிற அரசுத் துறைகள், தாங்கள் மேல்முறையீடு போடும்போது எவ்வளவு தாமதமாக வருவார்கள் தெரியுமா? 2012-இல் தீர்ப்பான ஒரு வழக்கில் அஞ்சல் துறை உச்ச நீதிமன்றத்துக்கு 427 நாள் தாமதமாக வந்து, கோப்பு மேசை மேசையாகப் போனது என்று காரணம் சொன்னது. நீதிமன்றம் ஏற்கவில்லை, அரசுக்கென்று தனிக் காலக்கணக்கு கிடையாது என்று அனுப்பிவிட்டது. லிவிங் மீடியா வழக்கு. உங்கள் வழக்கில் ஜெயித்தால் ரிட் அப்பீல் இப்படித்தான் வரும், அப்போது பயன்படும்.

ஜூன் 19

திருச்சித் தம்பியின் மனு கோர்ட்டில் பதிவாகி எண் ஆகிவிட்டதாம். ஜூன் மாதமே ஆனதால் நான் சொன்ன ஜூன் கணக்கிலிருந்து மேற்கொண்டு மாதம் எதுவும் போகவில்லை.

ஆகஸ்ட் 27

இன்னொருவர், வேறு மாவட்டம். 2023 அக்டோபரில் உத்தரவு வாங்கியிருக்கிறார், பன்னிரண்டு வாரத்துக்குள் பென்ஷன் கொடுக்கச் சொல்லி. அலுவலகம் "மேல்முறையீடு பற்றி ஆலோசனையில் உள்ளது" என்று கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறதாம். "ஜெயித்தாயிற்று, மெதுவாகக் கொடுக்கட்டும்" என்கிறார்.

சார், மெதுவாக இருக்காதீர்கள். நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971, பிரிவு 20. அவமதிப்பு நடந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வரவேண்டும். பன்னிரண்டு வாரம் முடிந்தது ஜனவரியில் என்றால் வரும் ஜனவரிக்குள். பென்ஷன் கோரிக்கைக்குக் கிடைத்த தொடர் தவறு என்ற சலுகை இங்கேயும் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். உத்தரவு நகலை அலுவலகம் எந்தத் தேதியில் பெற்றுக்கொண்டது என்பதற்கு ஒப்புகைச் சீட்டு இருக்கிறதா? அதை முதலில் தேடி எடுங்கள், பன்னிரண்டு வாரம் அங்கிருந்துதான் ஓடும்.